முன் இடது தோள்

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ. நான் திரும்பி வர்ற வரைக்கும் நம்ப தெருவுல யார்கிட்டயும் எதையும் கேட்டுடாத.”

“தண்ணி கூடவா?”

“தண்ணி கெணத்துல இருக்குது, எறைச்சுக்கோ. நான் சொல்றது வேற. நமக்குச் சேர வேண்டியதைக் கெஞ்சி வாங்குனா, ஆயுசு பூரா கெஞ்சிக்கினே இருக்கணும்.”

“அப்போ யாருதான் கேக்கறது?”

“நான் வந்து கேக்கறேன். என் வாயால.”

“எப்ப வருவீங்க?”

“ரெண்டு வருசம்ன்றார் டாக்டர்.”

செஞ்சி பஸ் ஸ்டாண்டில், திண்டிவனம் பஸ் உறுமிக்கொண்டு நின்ற நேரத்தில் நடந்த பேச்சு இது. அருளானந்தம் இடது கையைத் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தான். ஐந்து வயது மகள் மரியசெல்வி அந்தத் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். இழுக்காதே என்று சொல்ல அவனுக்கும் மனம் வரவில்லை, மனைவி ஜோசப்பினுக்கும் வரவில்லை.

டாக்டர் சொன்ன இரண்டு வருஷம் ஆறு வருஷமாக நீண்டது. அந்த ஆறு வருஷத்தில் ஜோசப்பின் இந்தப் பேச்சை எத்தனை தடவை மனசுக்குள் கேட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் கடைசி வார்த்தை ஒன்றுதான்: என் வாயால.

அருளானந்தம் நல்ல கொத்தனார். செஞ்சி பஜாரில் அவன் பூசிய சுவர்களைக் கையால் தடவிப் பார்த்தே இது அருளானந்தம் வேலை என்று சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் விரலிடுக்கில் பீடி எரிந்து சதை கருகிக்கொண்டிருக்க, அவன் பாட்டுக்குச் சித்தாளிடம் கலவை கேட்டுக்கொண்டிருந்தான். சித்தாள்தான் அலறினாள். அவனுக்கு வலிக்கவே இல்லை. வலிக்கவில்லை என்பதுதான் வியாதி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தொழுநோய் என்று சீட்டில் எழுதினார்கள். அந்தச் சொல் அவனுக்கு முன்னால் பஸ் ஏறித் தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

கோட்டை மதிலுக்கு வெளியே, முப்பது வீடுகள் கொண்ட கிறிஸ்தவத் தெரு அது. நடுவில் ஓடு வேய்ந்த சூசையப்பர் கோவில். மே மாதத்தில் பத்து நாள் திருவிழா. பத்தாம் நாள் சாயங்காலம் சூசையப்பரைச் சப்பரத்தில் ஏற்றி, எட்டுப் பேர் தோளில் சுமந்து தெருவைச் சுற்றி வருவார்கள். எட்டுத் தோளும் எட்டு வீட்டுச் சொத்து. நிலத்தை விற்றாலும் விற்பார்கள், தோளை விடமாட்டார்கள். முன் வலது தோளும் முன் இடது தோளும் ஒரு காலத்தில் ஒரே வீட்டுடையவை. அருளானந்தத்தின் நைனா சாகும்போது வலதை மூத்தவன் ஆரோக்கியநாதனுக்கும், இடதை இளையவன் அருளானந்தத்துக்கும் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணனும் தம்பியும் ஒரே உயரம். அவர்கள் முன்னால் நின்றால் சூசையப்பர் நூல் பிடித்த மாதிரி நேராக வருவார்.

அந்தத் தெருவில் ஒரு முறை உண்டு. கொடியேற்றுகிற நாளில் கோவிலிலிருந்து தாம்பூலத் தட்டு மேளத்தோடு புறப்படும். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு மெழுகுவத்தி. எட்டு வீட்டு வாசலிலும் தட்டு நிற்கும். ஆனால் தூக்குகிற ஆண்பிள்ளை அதைத் தொடக்கூடாது. வீட்டுப் பெண்பிள்ளைதான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அவள் வாங்கினால்தான் அந்த வீட்டுத் தோள் அந்த வருஷத்துக்கு உறுதி. வீட்டுக்காரனுக்கு உடம்பு சரியில்லையென்றால், தட்டை வாங்கிய பெண்ணே பங்காளிகளில் ஒருவனைக் கைகாட்டுவாள். அந்தத் தெருப் பெண்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கிற அதிகாரம் அது. அதற்காக அவர்கள் கட்டுகிற புடவையே தனி.

அருளானந்தம் ஊரை விட்டுப் போன அந்த வருஷமே ஜோசப்பின் வாசல் தெளித்து, கூரைப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். மேளம் வந்தது. தட்டைக் கையில் ஏந்திக் கோவில் தர்மகர்த்தாவாக ஆரோக்கியநாதனே முன்னால் நடந்து வந்தார். அவர் கண் தரையில் இருந்தது. வாசலுக்கு நேராக வந்தபோது மேளத்தின் அடி கொஞ்சமும் தளரவில்லை. தட்டு தாண்டிப் போயிற்று. அடுத்த வீட்டுப் பங்காளி ரத்தினம்மாள் தயாராக நின்று வாங்கிக்கொண்டாள். அவள் மகன் தங்கராசுக்கு முன் இடது தோள் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள்.

ஜோசப்பின் உள்ளே போனாள். புடவையை அவிழ்த்து மடித்தாள். கேட்க அவளுக்கு நாக்கு இல்லாமல் இல்லை. அனந்தபுரத்துக்காரியின் நாக்கு. ஆனால் பஸ் ஸ்டாண்டில் கொடுத்த வாக்கு இருந்தது.

பத்தாம் நாள் அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சப்பரத்தின் பின்னால் நடந்தாள். தங்கராசு நாலு விரல்கடை குள்ளம். தோளில் சும்மாட்டுத் துணியை மடித்து மடித்து வைத்தும் எட்டவில்லை. சூசையப்பர் இடது பக்கமாகச் சாய்ந்தபடியே வந்தார்.

“இன்னாமா, சாமி யாரையோ எட்டிப் பாக்கறாரு?” என்றாள் மரியசெல்வி.

“உங்க நைனாவைத்தான்” என்றாள் ஜோசப்பின்.

தட்டு மட்டுமா தாண்டிப் போயிற்று? பூசையில் நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதி ஓரம் முட்டி போட்டால், அவளுக்கு இரண்டு பக்கமும் ஆள் நகர்ந்து இடைவெளி விழுந்தது. அவளுக்குப் பிறகு வாங்க யாரும் வரவில்லை. மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளே எல்லாரும் எழுந்துபோகும்வரை காத்திருந்து கடைசியாகப் போனாள். அப்பம் கொடுக்கும் பங்குச் சாமியாரின் கை மட்டும் எல்லாருக்கும் வந்தது போலவே அவளுக்கும் வந்தது. அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

பிழைப்புக்கு அவள் பஜாரில் உத்திராபதி செட்டியாரின் கடலை மண்டிக்கு மல்லாட்டை உரிக்கப் போனாள். அங்கேயும் விஷயம் தெரிந்து முதல் நாளே பெண்கள் சாக்கை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். காத்தாயி ஒருத்திதான் தன் சாக்கை எடுத்துக்கொண்டு ஜோசப்பினுக்கு எதிரில் வந்து பொத்தென்று உட்கார்ந்தாள்.

“ஏன்டி, பயமில்ல உனக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

“அவ ஊட்டுக்காரரு பஸ் ஏறிப் போயிட்டாரு. இவ கையைப் பாரு, என் கையை விட சுத்தமா இருக்குது. உங்க வாயிதான்டி ஒட்டிக்கிற வியாதி.”

செட்டியார் கணக்குப் பலகையிலிருந்து தலை தூக்காமல், “வாயால உரிக்காதீங்க, கையால உரிங்க” என்றார். எல்லாரும் மறுபடியும் உரிக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் வருஷம் அவளுடைய அண்ணன் ஜோசப்ராஜ் அனந்தபுரத்திலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தான். சாமான் ஏற்ற வண்டியில் வைக்கோல் கூடப் பரப்பியிருந்தான்.

“போதும், கெளம்பு. இன்னாத்தைக் கண்ட இந்தத் தெருவுல? இந்தக் கோவில்ல? சாமி கண்ணைத் தொறந்து பாக்கல. நீ மட்டும் ஏன் கடைசி ஆளா முட்டி போட்டுக்கினு கெடக்கற?”

“அவரு பாக்கறாரான்னு பாக்க நான் போகல அண்ணே. நான் இருக்கறேன்னு சொல்லப் போறேன்.”

“யாருக்குச் சொல்ற?”

“அவருக்கும் சொல்றேன். தெருவுக்கும் சொல்றேன். நான் வண்டி ஏறிட்டா, அவரு திரும்பி வரும்போது கதவைத் தொறக்க யாரு இருப்பா? பூட்டுன வீட்டைப் பாத்தா தெரு சொன்னது நெசமாயிடும்ல?”

ஜோசப்ராஜ் அரை நாள் உட்கார்ந்து பார்த்தான். பிறகு வண்டியிலிருந்த வைக்கோலை அவளுடைய ஆட்டுக்கு இறக்கிப் போட்டுவிட்டு வெறும் வண்டியோடு போனான்.

அவள் கல்லால் செய்த பெண் இல்லை. நாலாம் வருஷம் நாலு மாதம் அருளானந்தத்திடமிருந்து கடிதம் வரவில்லை; அதில் கடைசி நாற்பது நாள் தபசு காலம், நோன்பு நாட்கள். அப்போது அவளால் பரலோக மந்திரத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. சர்வேசுரனுடைய சித்தம் நடக்கட்டும் என்று வருகிற இடத்தில் நின்றுவிடுவாள். அந்த ஒரு வரியை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொல்வாள். நாற்பது நாளும் அப்படியே சொன்னாள். கோவிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. கோபித்துக்கொண்டே போனாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலையில் கடிதம் வந்தது. புது மாத்திரைக்கு உடம்பு காய்ந்து நாலு மாதம் படுக்கையில் கிடந்ததாக எழுதியிருந்தான். அன்றைக்குப் பூசையில் விழுங்கின வரியை அவள் சொன்ன சத்தத்தில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு கொடியேற்றத்துக்கும் வாசல் தெளித்தாள். ஒவ்வொரு வருஷமும் அந்தப் புடவையைக் கட்டினாள். ஒவ்வொரு வருஷமும் தட்டு தாண்டிப் போயிற்று. அருளானந்தத்துக்கு எழுதிய கடிதங்களில் மகள் படிப்பையும் ஆடு குட்டி போட்டதையும் எழுதினாள், தட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஆறாம் வருஷம், அதாவது 1967இல், தபசு காலத்தில் அவன் வந்து இறங்கினான். இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மடங்கியிருந்தன. மற்றபடி அதே ஆள், அதே உயரம். பையில் ஆஸ்பத்திரிக் காகிதம் இருந்தது: பூரண குணம், இவரால் யாருக்கும் தொற்றாது. சாமியார் அதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அருளானந்தத்துக்கு அன்று வேறொரு குழப்பம். அவன் போகும்போது பூசை லத்தீனில் இருந்தது. இப்போது எல்லாரும் தமிழில் பதில் சொன்னார்கள். அவன் வாய் லத்தீனில் திறந்து பாதியில் மூடிக்கொண்டது. பதினோரு வயது மரியசெல்விதான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பதிலையும் காதில் எடுத்துக் கொடுத்தாள்.

பூச்சுக் கரணை பிடிக்க வலது கை நன்றாக இருந்தது. செட்டியார் கூப்பிட்டு மண்டிச் சுவரைப் பூசச் சொன்னார். காத்தாயி வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “ரெண்டு விரலு மடங்கிப் போயும் இம்மாம் நேரா பூசறாரு. முழுசா இருந்தா வானத்துக்கே பூசுவாரு போல” என்றாள்.

கொடியேற்றம் வந்தது. ஜோசப்பின் வாசலில் நின்றாள். அருளானந்தம் உள்ளே கதவோரம் நின்றான். மேளம் நெருங்கியது. இந்தத் தடவை வாசலுக்கு நேராக அடி ஒரு நொடி தளர்ந்தது. ஆரோக்கியநாதன் நின்றார். ஒரு மூச்சு இழுக்கிற நேரம் நின்றார். அப்புறம் நடந்துவிட்டார். அவர் கொடியவர் இல்லை. கல்யாணம் ஆகாத பெண்கள் இரண்டு பேர் வீட்டில் இருந்தார்கள். தம்பி வீட்டு வாசலில் தட்டு நின்றால் அந்தச் செய்தி மாப்பிள்ளை வீடுகளுக்குப் போய்ச் சேரும் என்று பயந்தவர். ஜோசப்பினுக்கு அது தெரியும். தெரிந்தும் வலித்தது.

“எப்பவும் இப்டித்தான் நைனா” என்றாள் மரியசெல்வி. “அம்மா எல்லா வருசமும் இந்தப் பொடவையைக் கட்டிக்கினு நிப்பாங்க. அவங்க எல்லா வருசமும் போயிடுவாங்க.”

அருளானந்தம் மனைவியைப் பார்த்தான். “எல்லா வருசமுமா?”

ஜோசப்பின் புடவையை மடிக்கப் போனாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். அவன் கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். முதல் நாள் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் எதிரில் வந்தார், அவன் ஒதுங்கி வழி விட்டான். ஆறாம் நாள் அவளுக்கு நெஞ்சு கொதித்தது. ஆறு வருஷம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்த வார்த்தையை இவர் மறந்துவிட்டாரா? இல்லை, மாத்திரை வியாதியோடு சேர்த்து ரோஷத்தையும் கரைத்துவிட்டதா?

சாமியார் அவளைக் கோவில் முற்றத்தில் நிறுத்தினார். “ஜோசப்பினம்மா, நான் ஒரு உத்தரவு போட்டா தட்டு உன் வீட்டுக்கு வரும். போடட்டுமா?”

அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. “வேணாம் சாமி. உத்தரவுல வர்ற தட்டு எனக்கு கனமா இருக்கும்.”

சாமியார் சிரித்தார். “நீ அப்படித்தான் சொல்லுவன்னு நெனைச்சேன்.”

ஒன்பதாம் நாள் காலையில் ஆரோக்கியநாதனின் மனைவி அருளம்மாள் வந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. வாசலில் நின்றபடியே பேசினாள்.

“கொழுந்தனாரு நாளைக்கு சப்பரத்துக்கு முன்னாடி குடை புடிச்சிக்கினு வரட்டும்னு எங்க ஊட்டுக்காரரு சொல்றாரு. அதுவும் மரியாதைதானே?”

“அவரையே கேளுங்கக்கா” என்றாள் ஜோசப்பின்.

அருளானந்தம் உள்ளேயிருந்து கேட்டான்: “குடை வெயிலுக்கா அண்ணி, மழைக்கா?”

“சாமிக்கு!”

“சாமி நேரா நின்னா நான் குடை புடிக்கறேன். சாஞ்சிக்கினு வர்ற சாமிக்குக் குடை எந்தப் பக்கம் புடிக்கறது?”

அருளம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனாள். ஜோசப்பினும் சிரித்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, ஆளிடம் ரோஷம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஏன் கேட்கமாட்டேன் என்கிறார்?

பத்தாம் நாள். ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்க ஆரம்பித்த நேரம். கோவில் முற்றம் நிறைந்திருந்தது. பஜாரிலிருந்து செட்டியாரும் காத்தாயியும் கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சூசையப்பர் மல்லிகை மாலையோடு சப்பரத்தில் ஏறிவிட்டார். எட்டுப் பேரும் சப்பரத்தைத் தூக்கும் வாரைக் கம்புகளுக்கு அருகில் போய் நின்றார்கள். தங்கராசு தன் சும்மாட்டுத் துணியை நாலாக மடித்துக்கொண்டிருந்தான். அருளானந்தம் வேப்பமரத்தடியில், எல்லாருக்கும் பின்னால் நின்றான்.

ஜோசப்பின் கூரைப்புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. பழைய திருவிழாக்களில் அவன் தோளில் போட்டுக்கொள்ளும் துண்டு. ஆறு வருஷமும் திருவிழாவுக்கு முன்னால் அதைத் துவைத்துக் காயவைத்து எடுத்து வைத்தவள் அவள். கேட்கக்கூடாது என்றுதான் வாக்கு. துண்டு போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

கூட்டத்தின் நடுவே நடந்து வேப்பமரத்தடிக்குப் போனாள். தெரு முழுக்கப் பார்க்க, துண்டை விரித்து, நாலாக மடித்து, அவனுடைய இடது தோளில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. நுனியைச் சரிசெய்தாள். மடங்கிய விரல்களைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினாள். அந்த விரல்களுக்குத் தெரிந்திருக்காது. அவனுக்குத் தெரிந்தது.

அவன் நடந்தான். கூட்டம் வழி விட்டது. பயத்தில் விட்டதா மரியாதையில் விட்டதா என்று ஜோசப்பின் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நிமிர்ந்து நடந்தாள்.

ஆரோக்கியநாதன் தம்பியைப் பார்த்தார். குரல் கரகரத்தது. “டேய், உன் நல்லதுக்குத்தான்டா சொல்றேன். கை வழுக்குனா சாமி கீழ வுழுந்துடும்.”

“கையாலயா தூக்கறோம் அண்ணே?”

யாரோ சிரித்தார்கள். தங்கராசு தோளிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறினான். “பெரிப்பா, எனக்கு ஆறு வருசமா கழுத்து புடிச்சிக்கினு இருக்குது. சாமி சாயறதுக்கு என்னைத்தான் எல்லாரும் திட்டறாங்க. சித்தப்பாவே வந்து நிக்கட்டும்” என்று வாரையை விட்டு விலகி நின்றான். அவன் அம்மா ரத்தினம்மாள் எதுவோ சொல்ல வாயெடுத்து, ஜோசப்பினின் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

முன் இடது தோள் காலியாக இருந்தது. ஆரோக்கியநாதன் தம்பியின் தோளில் இருந்த துண்டைப் பார்த்தார். பிறகு சப்பரத்தின் மேலே பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“சரி வா” என்றார் மெதுவாக. “உன் எடத்துல வந்து நில்லுடா.”

ஜோசப்பின் ஒரு அடி முன்னால் வந்தாள். கேட்காமலே கிடைத்துவிட்டது. ஆறு வருஷம்! போய் நில்லுங்க, போய் நில்லுங்க என்று உள்ளே அடித்துக்கொண்டது.

அருளானந்தம் நகரவில்லை.

“இன்னாடா நிக்கற?”

“அண்ணே, ஆறு வருசம் முன்னாடி பஸ் ஏறும்போது ஒண்ணு சொல்லிட்டுப் போனேன். நமக்குச் சேர வேண்டியதை நான் வந்து என் வாயால கேக்கறேன்னு. அப்போ என் மனசுல இருந்தது தோளு. தோளைத்தான் கேக்கணும்னு ஆறு வருசமும் கட்டில்ல படுத்துக்கினு வார்த்தை சேத்து வெச்சிருந்தேன்.” அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். “இங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சது, கேக்க வேண்டியது வேற. ஒன்பது நாளா எப்டி கேக்கறதுன்னுதான் தெரியல.”

ஜோசப்பின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மரியசெல்வி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எம்பிப் பார்த்தாள்.

“நான் ஆஸ்பத்திரியில இருந்தேன், மாத்திரை முழுங்குனேன். அவ்ளோதான் நான் செஞ்சது. இந்தத் தெருவுல, இந்தக் கோவில்ல, கடைசி ஆளா முட்டி போட்டு என் எடத்தைக் காப்பாத்துனது அவ. இந்தச் சாமியை நான் என்னிக்கும் தோள்லதான் சொமந்தேன். அவ ஆறு வருசமா எப்டி சொமந்தான்னு உங்க எல்லாருக்கும் தெரியும்.” அவன் குரல் உயரவில்லை. ஆனால் பின்வரிசையில் நின்ற காத்தாயிக்கும் கேட்டது. “நம்ப முறைப்படி, வீட்டுப் பொம்பளை வாங்காம எந்த ஆம்பளையும் வாரையில தோளு வெக்க முடியாது. நானும் வெக்க மாட்டேன். தாம்பூலத் தட்டு இன்னும் கோவில்லதான் இருக்குது. அதை எடுத்துக்கினு, மேளம் அடிச்சுக்கினு, எங்க வாசலுக்கு வாங்கண்ணே. ஜோசப்பின் கையில குடுங்க.”